கொள்ளை நோயும் ஹாஃப்கினும்

கிருஷ்ணகிரி மாவட்டத்தின் தென்மேற்கு ஓரத்திலே, கருநாடக எல்லையை ஒட்டி, மலைகளுக்கு நடுவே அமைந்த சிற்றூர் அஞ்செட்டி. ஓசூரிலிருந்து தேன்கனிக்கோட்டை வழியாகத் தெற்கே சென்றால் இவ்வூரை அடையலாம். இன்னும் தெற்கே இறங்கினால் ஒகேனக்கல்லும் காவிரியும் எதிர்ப்படும். தமிழும் கன்னடமும் தெலுங்கும் ஒரே தெருவில் ஒலிக்கும் ஊர் அது. ராகிக் களியே எங்கள் அன்றாட உணவு. இன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தைச் சேர்ந்த இப்பகுதி, 1965 வரை சேலம் மாவட்டத்தின் ஒரு கோடியாக இருந்தது. அதன் பிறகு தருமபுரியோடு இருந்து, 2004-இல் புதிய மாவட்டத்தோடு இணைந்தது. நான் பிறந்து வளர்ந்தது அவ்வூரில்தான்.

சிறு வயதிலே என் பாட்டியாரிடம் கேட்ட ஒரு சொல் இன்னும் என் நினைவை விட்டு அகலவில்லை. கடந்துபோன நிகழ்ச்சிகளுக்கு அவர் ஆண்டுக் கணக்குச் சொல்ல மாட்டார். "அது இலி பித்த வருஷம்" என்பார். கன்னடத்திலே இலி என்றால் எலி. பித்து என்றால் விழுந்தது. எலி விழுந்த ஆண்டு என்பது பொருள். கூரையிலிருந்து எலி செத்து விழுந்தால், அந்த வீட்டில் மனிதரும் விழப்போகிறார் என்பது அக்காலத்தவர் கண்ட உண்மை. பிளேக் என்னும் கொள்ளை நோய்க்கு எங்கள் பக்கத்திலே அதுவே பெயராக நின்றுவிட்டது.

பாட்டியாரின் தமையனார் வண்டிப் பாரம் அடிப்பவர். ராகியும் புளியும் ஏற்றிக்கொண்டு பெங்களூர்ச் சந்தைக்குப் போய் வருவார். முதல் உலகப் போருக்குச் சில ஆண்டுகள் முன்பு, அப்படிப் போய் வந்த ஒரு நாளுக்குப் பின் ஊரிலே எலி விழுந்தது. ஊரார் வீடுகளைப் பூட்டிவிட்டு ராகிக் கொல்லைகளிலே குடிசை போட்டுத் தங்கினார்கள். தேன்கனிக்கோட்டைக்கு ஊசி டாக்டர் வந்திருப்பதாகச் செய்தி வந்தது. ஊசி மருந்தை விஷம் என்று சிலர் சொன்னார்கள். ஊசி குத்திக்கொண்டவருக்குப் பிள்ளை பிறக்காது என்று வேறு சிலர் சொன்னார்கள். பாட்டியாரின் தகப்பனார் குடும்பத்தாரை அழைத்துக்கொண்டு காட்டுக்குள் போய்விட்டார். அங்கே ஐந்தாம் நாள் தமையனாருக்குக் காய்ச்சல் கண்டது. தொடையிடுக்கிலே நெறி கட்டியது. எட்டாம் நாள் அவர் இல்லை. "ஊசி போட்டிருந்தால் அண்ணன் பிழைத்திருப்பானோ?" என்று பாட்டியார் தம் முதுமையிலும் கேட்பார். பள்ளிச் சிறுவனாகிய எனக்கு விடை சொல்லத் தெரியவில்லை.

அந்த ஊசியைக் கண்டவர் யார், அதனை அவர் எப்படிக் கண்டார், அதன் பயனை எப்படி அளந்தார் என்பவற்றைப் பின்னாளில் நான் படித்தறிந்தேன். அந்த வரலாற்றை இன்று மாணவ நண்பர்களுக்குக் கூற விரும்புகிறேன். பாட்டியாரின் கேள்விக்கு விடையும் அதற்குள்ளேயே இருக்கிறது.

அவர் பெயர் வால்டெமர் ஹாஃப்கின். கருங்கடல் ஓரத்திலே உள்ள ஒடெசா நகரில் 1860 மார்ச் 15 அன்று ஒரு யூதக் குடும்பத்திலே பிறந்தார். ஒடெசா அப்பொழுது ரஷ்யப் பேரரசைச் சேர்ந்திருந்தது. அந்நகரப் பல்கலைக்கழகத்தில் அவருக்கு ஆசிரியராக வாய்த்தவர் எலீ மெச்னிகாவ். நம் இரத்தத்திலே உள்ள சில உயிரணுக்கள், உள்ளே நுழையும் கிருமிகளை விழுங்கி அழிக்கின்றன என்று உலகுக்குக் காட்டியவர் அவரே. உடல் தன்னைத்தானே எப்படிக் காத்துக்கொள்கிறது என்று ஆராயும் துறையாகிய நோயெதிர்ப்பியலுக்கு அடிக்கல் நாட்டியவர்களுள் ஒருவர். 1908-இல் நோபெல் பரிசு பெற்றவர். இத்தகைய ஆசிரியரிடம் பயின்றது மாணவரின் நற்பேறு எனலாம்.

ஆனால் காலம் கொடியதாக இருந்தது. 1881-இல் ஒடெசாவிலே யூதர்கள் தாக்கப்பட்டபொழுது, அவர்களைக் காக்கத் திரண்ட இளைஞருள் ஹாஃப்கினும் ஒருவர். அதற்காகச் சிறைப்பட்டார். கல்வியிலே சிறந்து விளங்கியும், யூதராக இருந்தமையால் பல்கலைக்கழகப் பதவிக்குரிய வழி அடைபட்டது. மதம் மாறினால் பதவி கிட்டும் என்ற நிலை, அவர் மாறவில்லை. 1888-இல் தாய்நாட்டை விட்டு வெளியேறி ஜெனீவாவில் சிறிது காலம் பணிபுரிந்தார். மறு ஆண்டு பாரிஸ் சென்றார். அங்கே பாஸ்டர் நிறுவனத்திலே மெச்னிகாவ் இருந்தார். ஆனால் மாணவருக்குக் கொடுக்க ஆராய்ச்சிப் பதவி எதுவும் இல்லை. நூல் நிலையத்திலே உதவியாளர் வேலைதான் கிடைத்தது. ஹாஃப்கின் அதனை ஏற்றுக்கொண்டார். பகலெல்லாம் புத்தகங்களை அடுக்கி, ஓய்வு கிடைத்த நேரமெல்லாம் சோதனைச்சாலையிலே கழித்தார்.

அப்பொழுது ஐரோப்பாவை அச்சுறுத்திய நோய் காலரா. நம்மவர் அதனை வாந்திபேதி என்றனர். அந்நோய்க்குரிய கிருமியை ராபர்ட் காக் என்னும் ஜெர்மானிய அறிஞர் எகிப்திலும் கல்கத்தாவிலும் ஆராய்ந்து, 1884-இல் ஐயமறக் காட்டியிருந்தார். கிருமி தெரிந்துவிட்டது, தடுக்கும் வழிதான் தெரியவில்லை. நோய்க் கிருமியை வலிமை குன்றச் செய்து உடலிலே செலுத்தினால், உடல் அதனோடு போராடப் பழகிக்கொள்ளும். பின்னர் வலிமையுள்ள கிருமி வந்தாலும் வெல்லும் என்பது பாஸ்டர் காட்டிய நெறி. ஹாஃப்கின் அந்நெறியிலே சென்றார். வலிமை குன்றிய கிருமியை முதல் ஊசியாகவும், கினிப்பன்றிகளின் உடலிலே அடுத்தடுத்துச் செலுத்தி வலிமை ஏற்றிய கிருமியை இரண்டாம் ஊசியாகவும் அமைத்தார். பயிற்சி பெறும் மல்லனுக்கு முதலில் இளைத்தவனையும் பிறகு வலியவனையும் எதிரே நிறுத்துவது போன்றது இது.

விலங்குகளிடம் வெற்றி கிடைத்தது. மனிதரிடம் எப்படிச் சோதிப்பது? 1892 ஜூலை 18 அன்று ஹாஃப்கின் தம் உடம்பிலேயே முதல் ஊசியைச் செலுத்திக்கொண்டார். காய்ச்சலும் வலியும் கண்டன, பின்பு தணிந்தன. அதன் பிறகே நண்பர்கள் சிலர் முன்வந்தார்கள். தாம் குடிக்கத் துணியாத மருந்தைப் பிறருக்குக் கொடுப்பதில்லை என்ற இவ்வழக்கத்தை அவர் வாழ்நாள் முழுவதும் விடவில்லை.

காலரா மிகுந்த நாட்டிலே இந்த ஊசியைச் சோதிக்க வேண்டும் என்று அவர் விரும்பினார். முன்பு இந்தியாவிலே வைசிராயாக இருந்த டஃபரின் பிரபு அப்பொழுது பாரிஸிலே பிரிட்டிஷ் தூதராக இருந்தார். அவருடைய உதவியால் 1893-இல் ஹாஃப்கின் கல்கத்தா வந்து சேர்ந்தார். வட இந்தியாவிலே ஆக்ராவில் தொடங்கிப் பல ஊர்களுக்கு அலைந்தார். 1894-இல் கல்கத்தாவின் சேரிகளிலே காலரா தோன்றியபொழுது அங்கே விரைந்தார். மக்கள் அஞ்சினார்கள், சினந்தார்கள். சௌத்ரி, கோஷ், சட்டர்ஜி, தத் முதலிய இந்திய மருத்துவர்கள் அவருக்குத் துணை நின்றார்கள். காத்தால் பாகான் என்னும் சேரியிலே ஏறத்தாழ 200 பேர் இருந்தனர். 116 பேர் ஊசி போட்டுக்கொண்டனர். பின்னர் அங்கே 10 பேருக்கு நோய் கண்டது. 7 பேர் இறந்தனர். அவர்கள் அனைவரும் ஊசி போட்டுக்கொள்ளாதவர்கள். இந்தச் செய்தி பரவியபின், அஞ்சி ஒதுங்கியவர்களே ஊசிக்கு வரத் தொடங்கினார்கள். ஏறத்தாழ இரண்டரை ஆண்டுகளிலே 42,000 பேருக்கு ஊசி போட்ட ஹாஃப்கின், மலேரியாவால் நலிந்து 1895-இல் ஐரோப்பாவுக்குத் திரும்பினார். மறு ஆண்டு மீண்டும் வந்தார்.

அவ்வாண்டு, 1896 செப்டம்பரிலே, பம்பாயிலே பிளேக் தோன்றியது. அதற்கு இரண்டு ஆண்டு முன்பு ஹாங்காங்கிலே அலெக்சாந்தர் யெர்சின் என்னும் அறிஞர் அதன் கிருமியைக் கண்டுபிடித்திருந்தார். எலிகளிடமிருந்து அதனை மனிதருக்குக் கொண்டுவருவது தெள்ளுப்பூச்சி என்பதோ இன்னும் தெரியவில்லை. அதனை 1898-இல் கராச்சியிலே ஆராய்ந்து சொன்னவர் பால் லூயி சீமோன். அதற்குள் நகரங்கள் காலியாயின. அரசாங்கம் 1897-இல் கொள்ளை நோய்ச் சட்டம் இயற்றியது. வீடு புகுந்து சோதித்தார்கள், நோயாளிகளைப் பிரித்துக்கொண்டு போனார்கள், உடைமைகளை எரித்தார்கள். புனாவிலே இந்நடவடிக்கைகளால் கொதித்த சாபேகர் சகோதரர், பிளேக் அதிகாரி ராண்டை 1897 ஜூன் 22 அன்று சுட்டனர். அவர் சில நாளில் இறந்தார். நோயைவிட, நோயைத் தடுக்க வந்தவர்களை மக்கள் அஞ்சிய காலம் அது.

அந்தச் சூழ்நிலையிலேதான் ஹாஃப்கின் பம்பாயிலே கிராண்ட் மருத்துவக் கல்லூரியின் ஓர் அறையிலும் தாழ்வாரத்திலும் தம் வேலையைத் தொடங்கினார். உதவிக்கு ஒரு குமாஸ்தா, மூன்று சேவகர்கள். காலராவுக்கு உயிருள்ள கிருமியைப் பயன்படுத்தியவர், பிளேக்குக்கு வேறு வழியைத் தேர்ந்தார். கிருமியை வளர்த்து, வெப்பத்தால் கொன்று, கார்பாலிக் அமிலம் சிறிது சேர்த்து, இறந்த கிருமியையே மருந்தாக்கினார். கிருமி இறந்தாலும் அதன் உடற்பொருள் அழியவில்லை. நம் உடல் அப்பொருளை அடையாளம் கண்டு, அதற்கு எதிர்ப்பொருள்களை உண்டாக்கி வைத்துக்கொள்கிறது. எதிரியின் முகத்தை ஓவியத்திலே பார்த்து வைத்துக்கொண்ட காவலாளிக்கு, அவன் நேரில் வரும்பொழுது இனம் காண்பது எளிதாகிறது அல்லவா? அதுபோன்றதே இதுவும்.

கிருமியை மிகுதியாக வளர்க்க அவர் கண்ட வழி சுவையானது. ஆட்டிறைச்சிச் சாற்றின் மீது சில துளி நெய் விட்டார். மிதக்கும் நெய்யைப் பற்றிக்கொண்டு கிருமிக் கூட்டம் ஆலம் விழுதுபோலக் கீழ்நோக்கித் தொங்கி வளர்ந்தது. குடுவையை அசைத்தால் விழுதுகள் உதிர்ந்து அடியிலே தங்கும்; மேலே மீண்டும் வளரும். நம் அடுக்களைப் பொருளாகிய நெய் இவ்வாறு உலகப் புகழ்பெற்ற ஒரு மருந்துக்குத் துணையாயிற்று.

மூன்று மாதங்களிலே மருந்து ஆயத்தமாயிற்று. 1897 ஜனவரி 10 அன்று ஹாஃப்கின் 10 கன சென்டிமீட்டர் அளவு தமக்கே செலுத்திக்கொண்டார். அது பின்னர்ப் பிறருக்குக் கொடுத்ததைவிட மிக அதிகம். கடுங்காய்ச்சல் கண்டது, ஆயினும் தம் வேலையை நிறுத்தவில்லை. அம்மாதக் கடைசியிலே பைகுல்லாச் சிறைச்சாலையிலே பிளேக் நுழைந்தது. கைதிகளுள் விரும்பியவர்கள் ஊசி போட்டுக்கொண்டார்கள். ஊசி போட்டுக்கொண்ட 147 பேரில் 2 பேருக்கு நோய் கண்டது; ஒருவரும் இறக்கவில்லை. போட்டுக்கொள்ளாத 172 பேரில் 12 பேருக்கு நோய் கண்டது. 6 பேர் இறந்தனர்.

வேறொருவராயின் இதனோடு மனநிறைவு அடைந்திருப்பார். ஹாஃப்கினோ தம் கணக்கிலே உள்ள குறையைத் தாமே தேடினார். விரும்பி வந்தவர்கள் இயல்பிலேயே உடல் நலம் மிக்கவர்களாக இருந்திருக்கலாம் அல்லவா? ஒரு வீட்டார் எல்லாரும் ஊசி போட்டு, மற்றொரு வீட்டார் எல்லாரும் விட்டுவிட்டால், முதல் வீட்டிலே நோய் எலி நுழையாமற் போனதுதான் காரணம் என்று ஒருவர் சொல்லலாம் அல்லவா? இவ்வையங்களுக்கு இடமில்லாத ஒரு சோதனை 1898 பிப்ரவரியிலே பரோடாவுக்கு அருகில் உந்தேரா என்னும் சிற்றூரிலே நடந்தது. அங்கே ஒவ்வொரு குடும்பத்தையும் இரு பாதியாக்கி, ஒரு பாதிக்கு மட்டும் ஊசி போட்டார்கள். ஒரே கூரை, ஒரே அடுப்பு, ஒரே எலி. வேறுபாடு ஊசி ஒன்றுதான். சில வாரங்கள் கழித்துக் கணக்கெடுத்தபொழுது, ஊசி போடாத 64 பேரில் 27 பேருக்கு நோய் கண்டு 26 பேர் இறந்திருந்தனர். ஊசி போட்ட 71 பேரில் 8 பேருக்கு நோய் கண்டு 3 பேர் இறந்திருந்தனர்.

மாணவ நண்பர்கள் இந்த எண்களைச் சற்று நின்று பார்க்க வேண்டுகிறேன். இவற்றிலே ஒரு பெருமிதமும் ஒரு துயரமும் சேர்ந்திருக்கின்றன. ஊசி போட்டவர்களிலும் 3 பேர் இறந்தார்கள் என்பதை ஹாஃப்கின் மறைக்கவில்லை. ஊசி போடாத பாதியிலே 26 பேர் மாண்டது, அந்த அறிவுக்கு ஊரார் கொடுத்த விலை. இன்றைய மருத்துவ ஒழுக்க விதிகளின்படி இத்தகைய சோதனையை அப்படியே நடத்த எவரும் ஒப்பமாட்டார்கள். ஒப்பீடு இன்றி மருந்தின் பயனை அறிய முடியாது என்ற பாடம் மட்டும் மாறாமல் நிற்கிறது.

அவ்வாண்டே பிளேக் தென்திசை நோக்கி இறங்கியது. ஹூப்ளியிலே பெருந்தொகையான மக்களுக்கு ஹாஃப்கின் ஊசி போடப்பட்டது. 1898 ஆகஸ்டிலே, இரயில் பாதை வழியாக, நோய் பெங்களூரை எட்டியது. மக்கள் நகரை விட்டு ஓடினார்கள். நெருக்கம் குறைய வேண்டும் என்பதற்காகப் பசவனகுடி, மல்லேசுவரம் ஆகிய புதிய குடியிருப்புகள் விரிந்தன. பிளேக் மாரியம்மன் என்ற பெயரிலே அம்மன் கோயில்கள்கூட அந்நகரிலே எழுந்தன. சென்னை மாகாணத்தார் எல்லையிலே பிளேக் பாஸ்போர்ட் என்னும் சீட்டு முறையை வைத்தார்கள். நோயுள்ள ஊரிலிருந்து வருபவர் அச்சீட்டைக் கையிலே வைத்துக்கொண்டு, குறித்த நாள்வரை அதிகாரியிடம் உடம்பைக் காட்டி வரவேண்டும். ஆனால் சீட்டு மனிதருக்குத்தான். எலிக்கும் தெள்ளுப்பூச்சிக்கும் எல்லை ஏது? தானிய மூட்டையோடு அவையும் வண்டியேறின. ஓசூர்ப் பக்கத்து ஊர்களை அவை அடைந்த வழி அதுவே. எங்கள் அஞ்செட்டிக் காட்டுக்கு வந்த வழியும் அதுவாகவே இருக்கவேண்டும்.

பம்பாயிலே ஹாஃப்கினின் சோதனைச்சாலை 1899-இல் பரேலில் இருந்த பழைய கவர்னர் மாளிகைக்கு இடம் மாறியது. ஆகா கான் போன்ற பெருமக்கள் யாவரும் அறியத் தாமே ஊசி போட்டுக்கொண்டு, தம்மைச் சார்ந்தோர்க்கு வழிகாட்டினர். அந்த நிறுவனத்திலிருந்து நாடெங்கும் மருந்துப் புட்டிகள் சென்றன.

இனி நான் சொல்லப்போவது அவர் வாழ்க்கையின் துயரப் பகுதி. 1902 அக்டோபர் 30 அன்று பஞ்சாபிலே முல்கோவால் என்னும் சிற்றூரில் 107 பேருக்கு ஊசி போட்டார்கள். அவர்களுள் 19 பேருக்குச் சில நாளிலே ரணஜன்னி கண்டது. 19 பேரும் இறந்தனர். அவர்கள் அனைவருக்கும் மருந்து வந்தது ஒரே புட்டியிலிருந்து. மற்றப் புட்டிகளிலிருந்து ஊசி போட்டுக்கொண்ட 88 பேருக்கு ஒன்றும் நேரவில்லை. ஆராய அமைந்த குழு, பரேல் சோதனைச்சாலையிலேயே மருந்து கெட்டிருக்க வேண்டும் என்று கருதியது. மருந்தை விரைவாக ஆயத்தம் செய்வதற்காகக் கார்பாலிக் அமிலத்தை விட்டுவிட்டு வெப்பத்தை மட்டும் நம்பினார் என்பது ஹாஃப்கின் மீது சுமத்திய குற்றம். பதவி பறிபோயிற்று. 1904-இல் அவர் இந்தியாவை விட்டுச் சென்றார். 19 பேரைக் கொன்றவர் என்ற பழியோடு, நாற்பத்து நான்காம் வயதிலே, வேலையில்லாமல் நின்றார்.

அவர் செய்தது என்ன? புலம்பவில்லை, எவர்மீதும் வசைமொழி கூறவில்லை. எண்களும் சான்றுகளுமே அவருக்குத் துணை. ஊசி போட்ட இடத்திலே அந்தப் புட்டியைத் திறந்தபொழுது உதவியாளர் கையிலிருந்த இடுக்கி தரையிலே விழுந்தது. அதனை முறைப்படி கொதிக்கவைத்துத் தூய்மை செய்யாமலே பயன்படுத்தினார்கள். ரணஜன்னிக் கிருமி மண்ணிலே வாழ்வது. மேலும், சோதனைச்சாலையிலேயே அக்கிருமி புகுந்திருந்தால் பல நாள் வளர்ந்து மருந்து நாற்றமெடுத்திருக்கும். திறந்த மருத்துவரோ அத்தகைய நாற்றம் எதனையும் காணவில்லை. இந்தச் சான்றுகள் குழுவின் ஏடுகளிலேயே இருந்தன. 1906-இல் ஏடுகள் வெளியானபொழுதுதான் உலகம் அவற்றைப் படித்தது. மலேரியாக் கொசுவைக் கண்டறிந்த ரொனால்ட் ராஸ் வெகுண்டெழுந்து பத்திரிகைகளிலே எழுதினார். 1907 ஜூலை 29 அன்று லண்டன் டைம்ஸ் பத்திரிகையிலே, ராஸும் சிம்ப்சனும் உள்ளிட்ட பத்து அறிஞர்கள் கையெழுத்திட்ட கடிதம் வெளிவந்தது. அவ்வாண்டுக் கடைசியிலே பழி நீங்கியது. ஹாஃப்கின் மீண்டும் கல்கத்தாவுக்கு வந்தார். ஆயினும் அவர் வளர்த்த பரேல் நிறுவனம் அவருக்குத் திரும்பக் கிடைக்கவில்லை. 1914-இல் ஓய்வு பெற்றார். 1930 அக்டோபர் 26 அன்று சுவிட்சர்லாந்திலே லோசான் நகரில் மறைந்தார்.

பழி நீங்கியது அவருக்கு மட்டும்தான். ஐந்து ஆண்டுகள் நாடெங்கும் உலவிய ஐயம் எளிதிலே நீங்கிவிடவில்லை. முல்கோவால் என்ற ஊரின் பெயரையே அறியாத அஞ்செட்டிக் குடியானவர், ஊசியிலே விஷம் இருக்கிறது என்று கேள்விப்பட்டுக் காட்டுக்குள் ஓடியதற்கும், பஞ்சாபிலே ஓர் இடுக்கி தரையிலே விழுந்ததற்கும் தொடர்பு இருந்ததோ இல்லையோ, நான் அறியேன். ஆனால் ஒரு சிறு கவனக்குறைவு பல ஆயிரம் ஊசிகள் தேடித்தந்த நம்பிக்கையைக் குலைக்க வல்லது என்பதை அறிவேன். மருத்துவம் பயிலப்போகும் மாணவர்கள் இதனை மறவாதிருக்க வேண்டும். என் கொள்ளுத்தாத்தாவை அறிவிலி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வீடு புகுந்து பொருளை எரித்த அரசாங்கத்தின் கையிலேதான் அந்த ஊசியும் இருந்தது. அவர் அஞ்சியதற்குக் காரணம் இருந்தது. அஞ்சியதன் விலையையும் அவரே கொடுத்தார்.

1897 முதல் 1925 வரை பம்பாயிலிருந்து வெளிச்சென்ற பிளேக் ஊசி மருந்து 2 கோடியே 60 லட்சம் அளவு. 1925-இல் அந்த நிறுவனத்துக்கு ஹாஃப்கின் நிறுவனம் என்று பெயரிட்டார்கள். 1964-இல் இந்திய அரசாங்கம் அவர் நினைவாக அஞ்சல் தலை வெளியிட்டது. இருப்பினும் அக்காலப் பிளேக் இந்தியாவிலே 1 கோடிக்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டது. ஊசி மட்டும் அதனை வென்றுவிடவில்லை. அதன் பாதுகாப்பு சில மாதங்களே நிற்கும். நுரையீரலைத் தாக்கும் பிளேக்குக்கு அது போதிய காப்பும் அன்று. எலி ஒழிப்பு, பூச்சி மருந்து, 1943-இல் கண்டெடுத்த ஸ்ட்ரெப்டோமைசின் ஆகிய யாவும் சேர்ந்தே அந்நோயை அடக்கின. இன்று ஹாஃப்கின் ஊசி வழக்கிலே இல்லை. காலத்தோடு சிகிச்சை தொடங்கினால் பிளேக் குணமாகக் கூடிய நோய்.

அடங்கியது என்றேனே தவிர அழிந்தது என்று சொல்லவில்லை. கோலாரும் சித்தூரும் கிருஷ்ணகிரியும் கூடும் எங்கள் முக்கூட்டு நிலம், பிளேக் கிருமி காட்டெலிகளிடையே தங்கும் இயற்கை இருப்பிடங்களுள் ஒன்று என்று அறிஞர் கருதுகின்றனர். வயல் வரப்பிலே வளை தோண்டும் வெள்ளெலி அவற்றுள் முக்கியமானது. 1966-இல் கோலார் மாவட்டத்து முள்பாகலிலே மனிதரிடம் பிளேக் உறுதிப்பட்டது. அதன் பிறகு ஏறத்தாழ 28 ஆண்டுகள் இந்தியாவிலே அந்நோயின் பேச்சே இல்லை; 1994-இல் சூரத் நகரிலே மீண்டும் கேட்டது. ஓசூரிலே தமிழ்நாட்டுப் பொதுச் சுகாதாரத் துறையின் கீழ், நோய் பரப்பும் பூச்சிகளையும் விலங்குகளிடமிருந்து வரும் நோய்களையும் ஆராய்வதற்கென்றே ஒரு நிறுவனம் இருக்கிறது. எலி பிடித்து, அதன் இரத்தத்தைச் சோதித்து, தெள்ளுப்பூச்சியை எண்ணிப் பார்ப்பது புகழ் தரும் வேலை அன்று. எலி விழுவதற்கு முன்பே எலியைக் கவனிக்கும் வேலை அது.

இன்று ஓசூர் பெருந்தொழில் நகரம். நாள்தோறும் ஆயிரக்கணக்கானோர் எல்லை கடந்து பெங்களூருக்கும், அங்கிருந்து இங்கும் வேலைக்குப் போய் வருகிறார்கள். 2020-இல் கொரோனா வந்தபொழுது ஜூஜூவாடி எல்லையிலே வண்டிகள் நின்றதையும், அனுமதிச் சீட்டுக் கேட்டதையும் கண்டபொழுது, எனக்குப் பாட்டியார் சொன்ன கதையே நினைவுக்கு வந்தது. 2021-இல் நம் நாட்டிலே மக்களுக்குப் போட்ட தடுப்பு மருந்துகளுள் கோவாக்சின் என்பது, கிருமியைச் செயலிழக்கச் செய்து முழுமையாகச் செலுத்தும் முறையைச் சேர்ந்தது. பைகுல்லாச் சிறையிலே ஹாஃப்கின் கையாண்ட நெறியும் அதுவே. அந்த ஆண்டும் ஊசியைப் பற்றி வதந்தி உலவியது. ஆயினும் இம்முறை நான் என் கையை நீட்டினேன்.

பாட்டியாரின் கேள்விக்கு வருகிறேன். ஊசி போட்டிருந்தால் அண்ணன் பிழைத்திருப்பானோ? ஒரு மனிதனைப் பற்றி அவ்வாறு உறுதி கூற எந்த விஞ்ஞானத்தாலும் இயலாது. உந்தேராவிலே ஊசி போட்டவர்களிலும் மூவர் இறந்தார்கள். ஆனால் ஊசி போடாத 100 பேர் இருந்திருந்தால் அவ்வூர்க் கணக்குப்படி 40 பேர் இறந்திருப்பார்கள். போட்டிருந்தால் 4 பேர். பெரும்பாலும் பிழைத்திருப்பார், பாட்டி என்பதே நேர்மையான விடை. அதனை நான் கற்றுக்கொண்டபொழுது அவர் இல்லை. கேள்வி கேட்க இன்னும் பாட்டிமார் உள்ள வீட்டு மாணவர்கள் விடையைத் தேடக் காலம் தாழ்த்தாதிருப்பார்களாக.